நாலு உள்ளங்கை ரப்பர்

பழைய கார் வச்சிருக்கிற ரெண்டு பேர் சந்திச்சா, அஞ்சு நிமிஷத்துக்குள்ள இந்தக் கேள்வி வந்துடும். "டயர் என்ன கம்பெனி போட்டிருக்கீங்க?" உடனே ஆளுக்கொரு கட்சி. ஒருத்தர் எம்.ஆர்.எஃப், இன்னொருத்தர் சியட், மூணாவது ஆள் ஜே.கே. தவிர எதையும் தொட மாட்டார். ரஜினி - கமல் சண்டையை விட மோசமா போகும் :-)

என்னைக் கேட்டா, கம்பெனி கடைசியா பார்க்க வேண்டிய விஷயம். அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய மூணு கேள்வி இருக்கு. டயரோட கட்டுமானம் என்ன? வயசு என்ன? அது எதுக்காக எதை விட்டுக் கொடுத்திருக்கு? இந்த மூணும் ஏன் முக்கியம்னு தெரிஞ்சுக்க, ஒரு 180 வருஷம் பின்னாடி போயிட்டு வரணும். கொஞ்சம் நீளமான பதிவு. காபி கையில இருந்தா நல்லது.

முதல்ல ஒரு சின்ன கணக்கு. எங்க வீட்டு கார் 1999 மாடல் மாருதி 800. எடை ஏறக்குறைய 650 கிலோ. ஓட்டுற ஆளையும் சேர்த்து 720னு வச்சுக்குவோம். நாலு சக்கரத்துக்குப் பங்கு போட்டா ஒண்ணுக்கு 180 கிலோ. டயருக்குள்ள காத்தழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2 கிலோ. அப்படின்னா ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுற இடம் சுமார் 90 சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு உள்ளங்கை. இந்த வண்டியில ஏ.பி.எஸ். கிடையாது, ஏர்பேக் கிடையாது. மழையில திடீர்னு குறுக்கே ஒரு ஆட்டோ வந்தா, வீட்டு மனுஷங்களைக் காப்பாத்தப் போறது அந்த நாலு உள்ளங்கை ரப்பர்தான். அதனாலதான் இவ்வளவு பெரிய பதிவு.

ரெண்டு தடவை பிறந்த டயர்

காத்தடைச்ச டயரைக் கண்டுபிடிச்சது யார்னு கேட்டா எல்லாரும் டன்லப்னு சொல்வோம். உண்மையில அவர் ரெண்டாவது ஆள். 1845-லேயே ராபர்ட் வில்லியம் தாம்சன்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். அப்போ அவருக்கு வயசு 23. உள்ளே ரப்பர் பூசின துணிக் குழாய், மேலே தோல். குதிரை வண்டியில மாட்டி லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்குல ஓட்டியும் காட்டினார். நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா அப்போ காரும் இல்லை, இப்போ நாம பார்க்கிற சைக்கிளும் இல்லை. யாருக்கும் தேவைப்படாத கண்டுபிடிப்பு, அப்படியே மறந்து போச்சு.

நாப்பது வருஷம் கழிச்சு பெல்ஃபாஸ்ட்ல ஜான் பாய்ட் டன்லப். தொழில், மாட்டு டாக்டர். 1887-ல தன் பையனோட மூணு சக்கர சைக்கிள் கல்லு ரோட்டுல தடதடன்னு போறதைப் பார்த்துட்டு, ரப்பர் குழாய்ல காத்தடைச்சு சக்கரத்துல சுத்தினார். 1888-ல காப்புரிமை. 1889-ல வில்லி ஹியூம்ங்கிற சைக்கிள் வீரர் இந்த டயரைப் போட்டுக்கிட்டு பெல்ஃபாஸ்ட் பந்தயங்கள்ல ஜெயிக்க ஆரம்பிச்சதும் உலகமே திரும்பிப் பார்த்துச்சு. தாம்சன் முந்திட்டார்ங்கிறது வெளியே வந்து 1890-ல டன்லப்போட காப்புரிமை செல்லாம போனது தனி சோகம். ஆனா பேர் நின்னுடுச்சு.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. டயர் பிறந்தது சொகுசுக்காக. ரோட்டைப் பிடிக்கிற வேலையெல்லாம் அப்புறமா அது தலையில விழுந்தது.

காருக்கு முதல்ல காத்து டயர் போட்டுப் பந்தயம் போனவங்க பிரான்சோட மிஷ்லின் சகோதரர்கள், ஆந்த்ரேயும் எதுவாரும். 1895, பாரிஸ் - போர்தோ - பாரிஸ், ஏறக்குறைய 1200 கிலோமீட்டர். வழி நெடுக பஞ்சர். ஜெயிக்கலை. ஆனா காத்து மேல ஒரு காரே ஓட முடியும்னு காட்டிட்டாங்க.

அந்தக் காலத்துல பஞ்சர்தான் பெரிய தலைவலி. கார்கள்ல மாத்துச் சக்கரமே வராது. ரோட்டோரம் உட்கார்ந்து ஒட்டிக்கிட்டே போகணும். இதுக்கு வழி கண்டுபிடிச்சு 1904-ல மாத்துச் சக்கரம் விக்க ஆரம்பிச்சவங்க வேல்ஸ் நாட்டுல லனெல்லிங்கிற ஊர்ல இருந்த டேவிஸ் சகோதரர்கள். அவங்க கடை இருந்த தெருவோட பேர் ஸ்டெப்னி தெரு. ஆமாங்க, நம்ம பஞ்சர் கடை அண்ணன் "ஸ்டெப்னில காத்து இருக்கா சார்"னு கேக்குறாரே, அதே ஸ்டெப்னி! அந்தக் கம்பெனி போய், அந்தத் தொழில்நுட்பமும் போயாச்சு. பேர் மட்டும் நம்ம ஊர் டிக்கியில பத்திரமா இருக்கு.

இவ்வளவு டயருக்கும் ரப்பர் எங்கிருந்து வந்துச்சு? 1876-ல ஹென்றி விக்ஹாம் பிரேசில்ல இருந்து கொண்டு போன விதைகள் லண்டன் கியூ தோட்டத்துல முளைச்சு, அங்கிருந்து கன்றுகளா இலங்கைக்கும் மலாயாவுக்கும் போச்சு. கார் பெருகப் பெருக மலாயாவுல காட்டை அழிச்சு ரப்பர் நட்டாங்க. பால்மரம் வெட்டக் கப்பல் ஏத்தினது யாரைன்னு உங்களுக்கே தெரியும். டெட்ராய்ட்ல வித்த ஒவ்வொரு காருக்குப் பின்னாடியும் விடியறதுக்கு முன்னாடி கத்தியும் வாளியுமா போன ஒரு தமிழ்க் குடும்பத்தோட உழைப்பு இருந்திருக்கலாம். மலேசிய நண்பர்கள் வீட்டுத் தாத்தா பாட்டிகிட்ட கேட்டா என்னை விட நல்லா சொல்லுவாங்க.

குறுக்கு நூலும் ஈக்கூண்டும்

இப்போ முதல் கேள்வி, கட்டுமானம். டயர்னா வெறும் ரப்பர் இல்லை. உள்ளே துணி நூல் அடுக்குகள் இருக்கு. ரப்பர் சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கு, பாரம் தாங்குறது நூல்தான். பழைய முறையில நூல் அடுக்குகள் சாய்வா, ஒண்ணுக்கு மேல ஒண்ணு குறுக்கே போகும். கயித்துக் கட்டில் பின்னல் மாதிரி. இதுதான் கிராஸ் ப்ளை. ரொம்ப முரட்டு டயர். ஆனா பக்கச் சுவரும் தரையைத் தொடுற பாகமும் ஒரே துண்டா வேலை செய்யும். வளைவுல வண்டி சாயும்போது பக்கச் சுவர் மடங்கும், அது பட்டனையும் சேர்த்து இழுக்கும். உள்ளங்கைல பாதி தரையை விட்டு எழும்பிடும். அடுக்குகள் ஒண்ணோட ஒண்ணு உரசுறதால சூடும் அதிகம், தேய்மானமும் அதிகம்.

அம்பாசடர் டயர் சைஸ் 5.90-15. பத்மினி 5.20-14. எல்லாமே அங்குலம், நடுவுல எழுத்தே கிடையாது. இதெல்லாம் கிராஸ் ப்ளை காலத்து அடையாளம். அம்பாசடர்ல நேரா போகவே ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கிட்டே இருப்பாங்களே, அதுல ஸ்டியரிங் பெட்டிக்கு ஒரு பங்குன்னா டயருக்கும் ஒரு பங்கு உண்டு.

இதை மாத்தினவர் மரியுஸ் மிஞோல். மிஷ்லின் கம்பெனியில அச்சகப் பிரிவுல வேலைக்குச் சேர்ந்த ஆள். அச்சகத்து ஆளு டயரை மாத்தின கதை! சூடு எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்க, பக்கச் சுவர்ல ரப்பரையும் குறுக்கு அடுக்கையும் எடுத்துட்டு, மையத்துல இருந்து ஆரம் மாதிரி நேரா போற உலோகக் கம்பிகளை இடைவெளி விட்டு வச்சார். பார்க்க ஈக்கூண்டு மாதிரி இருந்ததால அதுக்கு அந்தப் பேரே வச்சாங்க. சோதனைக்குச் செஞ்ச அந்தக் கூண்டு, சூடே ஆகாம ஓடுச்சு. பாரம் தாங்க நேர் நூல், பட்டனுக்குக் கீழே அதைத் தட்டையா பிடிச்சுக்க எஃகு பெல்ட்னு ரெண்டு வேலையையும் பிரிச்சுட்டாங்க. 1946-ல காப்புரிமை, 1949-ல மிஷ்லின் எக்ஸ்ங்கிற பேர்ல விற்பனை. அதுதான் ரேடியல்.

வளைவுல பக்கச் சுவர் மட்டும் மடங்கும், உள்ளங்கை தரையிலேயே இருக்கும். ஆயுளும் கூடுச்சு, பெட்ரோலும் மிச்சம். இத்தாலியோட பிரெல்லி எஃகுக்குப் பதிலா துணி பெல்ட் வச்சு சிந்துராட்டோன்னு தன்னோட ரேடியலைக் கொண்டு வந்துச்சு. ஐரோப்பா முழுக்க மாறிடுச்சு.

அமெரிக்கா காட்டின முரண்டு

உலகத்துலயே அதிகமா டயர் செஞ்ச அமெரிக்கா மட்டும் ரொம்ப நாள் ரேடியல் பக்கம் போகலை. காரணம் தொழில்நுட்பம் தெரியாம இல்லை. கிராஸ் ப்ளை செய்யற மெஷின்ல ரேடியல் சரியா வராது, தொழிற்சாலையையே மாத்தணும். மேல, ரொம்ப நாள் உழைக்கிற டயரை வித்தா அடுத்த டயரை யார் வாங்குவா? அங்கே ரேடியல் டயரோடவே வந்த முதல் அமெரிக்கக் கார், 1970 லிங்கன் கான்டினென்டல் மார்க் 3. அதுக்கும் மிஷ்லின் டயர்தான். 1973 எண்ணெய் நெருக்கடி வந்ததும் வேற வழியில்லாம எல்லாரும் ஓடினாங்க.

அந்த ஓட்டத்துல தடுக்கி விழுந்தது ஃபயர்ஸ்டோன். பழைய மெஷின்களையே ஒப்பேத்தி அவசரமா செஞ்ச ஃபயர்ஸ்டோன் 500 ரேடியல்ல, எஃகு பெல்ட்டும் ரப்பரும் பிரிஞ்சு வர ஆரம்பிச்சது. நெடுஞ்சாலையில டயர் உரிஞ்சா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. உயிர்ப்பலிகள், வழக்குகள், விசாரணைகள். 1978-ல ஒரு கோடிக்கும் மேற்பட்ட டயர்களைத் திரும்ப வாங்கினாங்க. அந்தக் கம்பெனி அப்புறம் நிமிரவே இல்லை. 1988-ல ஜப்பானோட பிரிட்ஜ்ஸ்டோன் வாங்கிடுச்சு.

எம்மாம் பெரிய கம்பெனி! பேரை மட்டும் பார்த்து வாங்கினவங்க கதி இது. கம்பெனி கடைசிக் கேள்வின்னு நான் சொல்றதுக்கு இதை விட சாட்சி வேணுமா?

நம்ம ஊருக்கு வந்த கதை

இந்தியாவோட முதல் டயர் தொழிற்சாலை 1936-ல வங்காளத்து சாகாகஞ்ச்ல டன்லப் ஆரம்பிச்சது. சென்னைக்குன்னு ஒரு தனிக் கதை இருக்கு. 1946-ல திருவொற்றியூர்ல கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்சார். 1952-ல டிரெட் ரப்பர், அதாவது தேஞ்ச டயருக்கு மேல ஒட்டுற ரப்பர். அப்புறம் அமெரிக்காவோட மேன்ஸ்ஃபீல்ட் கூட்டு வச்சு 1961-ல டயர். பலூன்ல ஆரம்பிச்சது எம்.ஆர்.எஃப். ஆச்சு. காத்துதான் ரெண்டுலயும் பொது :-)

பழைய டயருக்கு மறு உயிர் கொடுக்கிற டிரெட் ரப்பர் இங்கே முதல்ல வித்ததுல ஆச்சரியமே இல்லை. குண்டும் குழியுமா ரோடு, அளவுக்கு மீறின பாரம். இதுல முரட்டு கிராஸ் ப்ளைதான் தாங்கும்னு ஒரு நம்பிக்கை. 1977-லேயே ஜே.கே. டயர் இங்கே ரேடியல் கொண்டு வந்தாலும் அம்பாசடரும் பத்மினியும் ஓடின ஊர்ல அது மெதுவாத்தான் பரவுச்சு. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்து, சின்னதா, லேசா, முன் சக்கர இழுவைல ஓடுற கார்கள் பெருகின பிறகுதான் சூழ்நிலை மாறிச்சு. இப்போ கார் டயர்னாலே ரேடியல்தான்.

இப்போ கடைக்குப் போவோம்

என் 800-க்கான சைஸ் 145/70 ஆர்12. அகலம் 145 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதுல 70 சதவீதம், ஆர்னா ரேடியல், ரிம் 12 அங்குலம். பாதி மில்லிமீட்டர் பாதி அங்குலமா இருக்கிறதே, மேலே சொன்ன வரலாறு மொத்தமும் டயர் பக்கவாட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கிறதாலதான்.

800 தயாரிப்பு 2014-ல நின்னுடுச்சு. அதனால கடைக்காரர் முதல்ல காட்டுறது பெரும்பாலும் வேற சைஸா இருக்கும். "ஆல்டோ சைஸ் போட்டுக்கோங்க சார், ஒண்ணும் ஆகாது"ன்னு 145/80 ஆர்12. கணக்குப் போடுங்க. நம்ம டயர் விட்டம் சுமார் 508 மில்லிமீட்டர், அது 537. கிட்டத்தட்ட 6 சதவீதம் பெரிசு. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-க்கு மேல போய்க்கிட்டு இருக்கும், கியர் இழுவை குறையும், முழுசா திருப்பும்போது உரசவும் வாய்ப்பு இருக்கு. இன்னொரு ஆசை வார்த்தை, ஆம்னி வேனுக்குப் போடுற எல்.டி. டயர். "தேயவே தேயாது சார்." பாரம் ஏத்துற வண்டிக்காகச் செஞ்ச கெட்டியான டயர் அது. 650 கிலோ வண்டியில அது வளைஞ்சு கொடுக்காது. குதிக்கும், ஈரத்துல வழுக்கும். தேயவே தேயாதுன்னா பிடிக்கவும் பிடிக்காதுன்னு அர்த்தம்.

ரெண்டாவது கேள்வி, வயசு. பக்கவாட்டுல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 2324ன்னா 2024-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. அதிகம் விக்காத சைஸ் கடையில தூங்கும், ரப்பர் ஓடலைன்னாலும் இறுகிக்கிட்டே போகும். ஒரு வருஷத்துக்குள்ள செஞ்சதா கேளுங்க. இல்லைன்னா வரவழைச்சுத் தரச் சொல்லுங்க. எனக்கு ஒரு கடையில நாலு வருஷப் பழைய டயரைப் பளபளன்னு துடைச்சு எடுத்து வந்தாங்க. அந்த எண்ணைக் காட்டினதும் பேச்சு மாறிடுச்சு.

மூணாவது கேள்விதான் நம்ம பர்ஸுக்கும் உயிருக்கும் நேரடியா சம்பந்தப்பட்டது. டயர்ல மூணு குணம் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கு நிக்கும். ஈரத்துல பிடிப்பு, நீண்ட உழைப்பு, பெட்ரோல் சிக்கனம். ஒண்ணைக் கூட்டினா இன்னொண்ணு குறையும். 1990களோட ஆரம்பத்துல மிஷ்லின் ரப்பர்ல சிலிக்காவைக் கலந்து இந்தச் சண்டையைக் கொஞ்சம் தணிச்சது. ஆனா முழுசா தீரலை. நம்ம நாட்டுல 2022-லதான் ஈரப் பிடிப்புக்கும் உருளும் தடைக்கும் சத்தத்துக்கும் குறைஞ்சபட்ச அளவுகோலே அறிவிச்சாங்க.

ரேடியல் வந்ததுல இருந்து நம்ம ஆளுங்க தலையில பதிஞ்சது ஒரே கேள்வி. "எத்தனை கிலோமீட்டர் வரும்?" தினமும் ஓடுற டாக்ஸிக்கு அது சரியான கேள்வி. பழைய கார் எவ்வளவு ஓடுது? என் வண்டி வருஷத்துக்கு 4000 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். 40,000 கிலோமீட்டர் உழைக்கிற டயரை வாங்கினா அது தேய 10 வருஷம் ஆகும். அதுக்கு ரொம்ப முன்னாடியே ரப்பர் கல்லாயிடும். அஞ்சு வருஷத்துக்கு மேல ஆனா வருஷா வருஷம் பரிசோதிங்க, பத்து வருஷத்துக்கு மேல போகவே போகாதீங்கன்னு மிஷ்லினே சொல்லுது. அப்படின்னா அந்தக் கடைசி 20,000 கிலோமீட்டருக்கு நாம கொடுக்கிற காசு வீண். காசு மட்டுமா? அந்த உழைப்புக்காக விட்டுக் கொடுத்த ஈரப் பிடிப்பும் போச்சு.

அதனால குறைவா ஓடுற பழைய காருக்கு, மைலேஜ் டயர் மலிவே இல்லை. சரியான சைஸ், புதுசா செஞ்சது, கொஞ்சம் மென்மையான, ஈரத்துல பிடிக்கிற டயர். 25,000 கிலோமீட்டர்தான் வரும்னு கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினா சந்தோஷமா வாங்குங்க. நமக்கு அது ஆறு வருஷம்! தெரிஞ்ச கம்பெனி எதுவா இருந்தாலும், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தா, அதுல நடுத்தர விலை மாடலே போதும்.

காசு நெருக்கடியா இருந்து ரெண்டுதான் வாங்க முடியும்னா, புது ஜோடியைப் பின்னாடி போடுங்க. முன் சக்கர இழுவை வண்டி, முன்னாடிதானே போடணும்னு எல்லாரும் சொல்வாங்க. முன் டயர் வழுக்கினா வண்டி நேரா போகும், ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டா திரும்பப் பிடிச்சுக்கும். பின் டயர் வழுக்கினா வண்டி பம்பரமா சுத்திடும். கிராஸ் ப்ளையும் ரேடியலும் கலந்து ஓடின காலத்துல ஐரோப்பாவுல பல உயிர் போய் கத்துக்கிட்ட பாடத்தோட சாரமும் இதேதான். முன்னாடி ரேடியல், பின்னாடி கிராஸ் ப்ளை போடுறதை இங்கிலாந்துல சட்டம் போட்டே தடுத்து வச்சிருக்காங்க. இன்னும் அம்பாசடர், பத்மினி வச்சிருக்கிற புண்ணியவான்கள் இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க. மாத்தினா நாலையும் மாத்துங்க.

பட்டன் ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரைக்கும் போகலாம். ஆனா அந்த அளவுக்குத் தேஞ்ச டயரால, சென்னை நவம்பர் மழையில தேங்கி நிக்கிற தண்ணியை ஒதுக்க முடியாது. பாதுகாப்பா இருக்கணும்னா 3 மில்லிமீட்டர்லயே மாத்துறதுக்குக் காசு சேர்க்க ஆரம்பிங்க. மாசம் ஒரு தடவை, வண்டி ஓடி சூடாகுறதுக்கு முன்னாடி, காத்து பாருங்க. இதுக்குச் செலவு அஞ்சோ பத்தோ.

உங்க பழைய வண்டி எது, டயர்ல போட்டிருக்கிற அந்த நாலு இலக்க எண் என்ன? இன்னிக்கே போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. ஸ்டெப்னியையும் சேர்த்து!